இழுப்பறையில் உறங்கும் மடிப்புக் கைபேசி

கராடியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மேஜை இழுப்பறையைத் திறந்தால், பழைய கைபேசி ஒன்று உறங்கிக் கொண்டிருக்கக் காணலாம். கணினி நிறுவனங்களில் உத்தியோகம் பார்ப்போர் நிறைந்த பகுதி இது. ஆதலால் அவ்வாறு உறங்குவது பெரும்பாலும் மலிவான கைபேசியாக இராது. பதினைந்து, பதினாறு ஆண்டுகளுக்கு முன் அலுவலகக் காரியங்களுக்கென்றே உயர்ந்த விலையில் வாங்கப்பெற்றதாக இருக்கும். தூக்கி எறியவும் மனம் வருவதில்லை. எடுத்துப் பயன்படுத்தவும் வழி தெரிவதில்லை. ஊரிலிருந்து தகப்பனாரோ தாயாரோ வந்து தங்கும்போதுதான் அதன் நினைவு எழுகிறது. “அப்பாவுக்கு இது போதுமே, பேசத்தானே வேண்டும்?” என்று சொல்லித் தூசி தட்டி எடுக்கிறோம். அவ்வாறு எடுத்துக் கொடுப்பது தக்கதுதானா என்று அன்பர்கள் சிலர் நம்மை வினவினர். இம்மாதம் அதனையே ஆராய்வோம்.

பெரியவர்கள் மடிப்புக் கைபேசியை விரும்புவதில் நியாயம் உண்டு. நம் குடியிருப்பில் மகன் வீட்டில் தங்கியிருக்கும் திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் ஒருநாள் நம்மிடம், “தம்பி, மூடினால் பேச்சு முடிந்தது என்று இருக்கவேண்டும். இந்தக் கண்ணாடிப் பலகையில் விரல் பட்டாலே எங்கோ போய்விடுகிறது. நான் யாரை அழைத்தேன் என்பது எனக்கே தெரிவதில்லை” என்றார். “ஐயா, அதற்கும் ஒரு பூட்டு உண்டு” என்றோம். “பூட்டைத் திறக்கவே ஒரு பேரன் வேண்டுமே!” என்று அவர் விடையளித்தார். மறுமொழி கூற நமக்கு இயலவில்லை.

மடிப்புக் கைபேசியின் வரலாறு நம் நாட்டுக் கைபேசியின் வரலாற்றோடு ஏறத்தாழ ஒத்த வயதுடையது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவின் முதல் கைபேசி உரையாடல். அடுத்த ஆண்டின் ஜனவரியில் மோட்டரோலா நிறுவனம் ‘ஸ்டார்டாக்’ என்னும் கைபேசியை வெளியிட்டது. சிப்பியைப்போல் மூடித் திறக்கும் கைபேசிகளுக்கு அதுவே முன்னோடி. எடை 88 கிராம். அதன்பின் 2004-இல் வந்த ‘ரேசர்’ உலகெங்கும் பல கோடிக் கணக்கில் விற்றது. மடிப்பின் சிறப்பு அழகில் மட்டும் இல்லை. மூடியபோது விசைகள் மறைவாக இருப்பதால் சட்டைப்பையில் தாமாக அழுந்துவதில்லை. திறந்தால் ஒரு முனை செவிக்கும் மறு முனை வாய்க்கும் பொருந்துகிறது. மூடினால் அழைப்பு முடிகிறது. இம்மூன்றும் முதியோருக்கு மிக்க சௌகரியம் என்பதில் ஐயமில்லை.

இனி, நம் ஆராய்ச்சிக்கு அன்பர் ஒருவர் கொணர்ந்து தந்த பொருளைப் பார்ப்போம். அது ‘பிளாக்பெர்ரி பேர்ல் பிளிப் 8220’. கனடா நாட்டின் வாட்டர்லூ நகரைச் சேர்ந்த ‘ரிசர்ச் இன் மோஷன்’ நிறுவனம் 2008 செப்டம்பரில் அறிவித்த கைபேசி. அந்நிறுவனத்தின் முதல் மடிப்புக் கைபேசி இதுவே. ‘பேர்ல்’ என்றால் முத்து. விசைகளுக்கு மேலே பதிக்கப்பட்டு விரலால் உருட்டத்தக்க சிறு மணி ஒன்றினால் அப்பெயர் வந்தது. வெளிப்புறத்தில் ஒரு சிறு திரை உண்டு. அழைப்பவர் யார், வந்த செய்தி என்ன என்பதை மூடியபடியே பார்க்கலாம். உள்ளே பெரிய திரை. வைஃபை உண்டு, இரண்டு மெகாபிக்சல் புகைப்படக் கருவி உண்டு. கீலைத் திறந்து மூடிப் பார்த்தோம். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அது ஆடவில்லை, தளரவில்லை. செய்தவர்கள் மனம் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

ஆயினும் இதன் பெருமை கீலிலும் திரையிலும் இருந்ததன்று. அக்காலத்தில் அதிகாரிகளும் வணிகர்களும் பிளாக்பெர்ரியை நாடியது மின்னஞ்சலுக்காகவே. அனுப்பிய கடிதம் அந்தக் கணமே சட்டைப்பையில் வந்து மணியடிக்கும். அது எவ்வாறு நடந்தது? கடிதங்கள் யாவும் அந்நிறுவனத்தின் சொந்த நிலையங்கள் வழியாகச் சென்று, மறைகுறியாக்கப்பட்டுக் கைபேசியை அடைந்தன. சாதாரண இணையக் கட்டணம் போதாது. தொலைபேசி நிறுவனத்திடம் பிளாக்பெர்ரிக்கென்று தனிக் கட்டணம் செலுத்தவேண்டும். அந்த மறைகுறியின் வலிமை காரணமாக நம் அரசாங்கத்துக்கும் அந்நிறுவனத்துக்கும் பெரும் வழக்காடலே நிகழ்ந்தது. பாதுகாப்புக் கருதிச் செய்திகளைப் பார்வையிட வழி செய்யாவிடில் 2010 ஆகஸ்டு 31-க்குப் பின் அச்சேவைகள் நிறுத்தப்படும் என்று அரசாங்கம் கெடு வைத்தது. பின்னர்க் கெடு நீட்டிக்கப்பட்டது; பேச்சுவார்த்தைகள் தொடர்ந்தன. கைபேசி நம் பையில் இருந்தாலும் அதன் உயிர் வேறெங்கோ இருந்தது என்பதை அன்றே நாம் கண்டுகொண்டிருக்கலாம்.

அந்த உயிர் நீங்கிய நாளும் உண்டு. 2022 ஜனவரி 4. அன்றுமுதல், பிளாக்பெர்ரி 7.1 மற்றும் அதற்கு முற்பட்ட மென்பொருளில் இயங்கும் கைபேசிகளுக்கும், பிளாக்பெர்ரி 10 வகைக்கும் உரிய சேவைகளை அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. இக்கைபேசிகளில் இணையம் மட்டுமன்றி, தொலைபேசி அழைப்புகள், குறுஞ்செய்திகள், அவசர உதவி அழைப்பு ஆகியனவும் இனி நம்பத்தகுந்தவாறு இயங்கமாட்டா என்று அதுவே பகிரங்கமாக அறிவித்தது. வாட்ஸ்அப் அதற்கும் முன்பே, 2017-இன் இறுதியோடு, பிளாக்பெர்ரி மென்பொருள்களைக் கைவிட்டிருந்தது.

இரயில்வேயில் பணிபுரிவோருக்கு இது புதிய செய்தி அன்று. மீட்டர் கேஜ் எஞ்சின் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கொதிகலன் செம்மையாக இருக்கலாம். சக்கரங்களில் பழுது இல்லாதிருக்கலாம். ஆனால் 1,000 மில்லிமீட்டர் அகலத்துக்கு அமைந்த சக்கரங்கள் 1,676 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடா. நம் ஊர்ப் பக்கங்களில் அகலப்பாதை வந்தபோது எத்தனையோ நல்ல எஞ்சின்கள் அவ்வாறே ஓய்வு பெற்றன. அவற்றின்மீது குற்றம் ஒன்றும் இல்லை. பாதை போய்விட்டது, அவ்வளவே.

நாம் இந்தக் கைபேசியில் சிம் ஒன்றை இட்டுச் சோதித்தபோது அழைப்பு சென்றது. குரலும் தெளிவாகவே கேட்டது. இதைக் கொண்டுவந்த அன்பர் மகிழ்ந்து, “பார்த்தீர்களா, வேலை செய்கிறதே!” என்றார். இங்கேதான் நாம் அவரிடமிருந்து வேறுபடுகிறோம். நம் பயன்பாட்டுக்கு என்றால், பத்தில் ஒன்பது முறை வேலை செய்தாலும் போதும். பத்தாவது முறை வேறு கைபேசியை எடுத்துக்கொள்வோம். எழுபது வயதுத் தகப்பனார் தனியே இரயில் ஏறிச் செல்லும்போது அவரிடம் வேறு கைபேசி இல்லை. செய்த நிறுவனமே ‘நம்பவேண்டா’ என்று எழுத்துமூலம் கூறிவிட்ட பொருளை, ஒருநாள் நன்கு பேசியது என்பதற்காக, அவசரத் துணையாக அவர் கையில் கொடுப்பது சரியன்று.

இன்னொரு குறையும் உண்டு. இதன் விசைகள் கடிதம் எழுதுவதற்கென்று அமைந்தவை. இருபது விசைகளில் ஆங்கில எழுத்துகள் முழுவதையும் அடக்குவதற்காக ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் இரண்டிரண்டு எழுத்துகளைப் பொறித்திருக்கிறார்கள். எச்சொல்லை எழுத எண்ணுகிறோம் என்பதைக் கருவியே ஊகித்துக்கொள்ளும். ஆங்கிலக் கடிதம் எழுதும் அதிகாரிக்கு அது வரப்பிரசாதம்; இசக்கிமுத்து என்றோ வேலம்மாள் என்றோ ஆங்கில எழுத்தில் பெயர் பதிவோருக்குச் சோதனை. எண்களோ நடு மூன்று வரிசைகளில், எழுத்துகளோடு சேர்ந்து சிறிதாக ஒதுங்கி நிற்கின்றன. கண்ணாடி அணிந்த பெரியவர் மாலை வெளிச்சத்தில் ஏழு எது, எட்டு எது என்று தேடவேண்டியிருக்கும். வணிகத்துக்கு உகந்ததெல்லாம் வீட்டுக்கு உகந்ததாகிவிடாது.

பிளாக்பெர்ரி அல்லாத பழைய மடிப்புக் கைபேசி வைத்திருக்கும் அன்பர்கள், “எங்களுடையது எந்த நிலையத்தையும் நம்பியிருக்கவில்லையே” என்று கேட்கக்கூடும். மெய்தான். எளிய ஜி.எஸ்.எம். கைபேசிகள் தொலைபேசி நிறுவனத்தின் கோபுரத்தை மட்டுமே நம்பியிருப்பவை. அங்கும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜியோ நிறுவனம் 2016-இல் தொடங்கியபோதே நான்காம் தலைமுறை அலைவரிசையில்தான் தொடங்கியது. இரண்டாம் தலைமுறைக் கோபுரங்கள் அதற்கு இல்லை. ஆதலின் ஜியோ சிம் இக்கைபேசிகளில் உயிர் பெறாது. ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். ஆகியன பழைய அலைவரிசையில் அழைப்புகளைத் தருகின்றன. தகப்பனாரின் எண் ஜியோவில் இருந்தால், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 முதல் நாடெங்கும் உள்ளது. எனினும் அக்காரியத்தைச் செய்யுமுன் ஊரில் அவர் வீட்டுத் திண்ணையில் எந்த நிறுவனத்தின் அலை கிட்டுகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கராடியில் கிட்டுவது ஊரில் கிட்டும் என்பதற்கு உறுதி இல்லை.

கட்டணத்தைப் பற்றி ஒரு நற்செய்தி. பேசுவதற்கு மட்டுமே கைபேசி வைத்திருப்போர் வேண்டாத இணையத்துக்கும் சேர்த்துப் பணம் கட்ட நேர்ந்தது நெடுநாள் குறை. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (நாம் ‘டிராய்’ என்று அழைப்பது) பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான கட்டணத் திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் அளிக்கவேண்டும் என்று விதித்தது; அத்தகைய திட்டங்களின் காலவரையை 365 நாள் வரை நீட்டவும் இசைந்தது. கடைக்காரர் தாமாக இதைச் சொல்லமாட்டார். கேட்டுப் பெறவேண்டும்.

பழைய கைபேசியைக் கையில் எடுப்போர், அது வீட்டிலிருந்ததாயினும் கடையில் வாங்கியதாயினும், முதலில் *#06# என்று அழுத்துக. 15 இலக்க எண் ஒன்று திரையில் தோன்றும். அதுவே அக்கைபேசியின் ஐ.எம்.இ.ஐ. எண். கே.ஒய்.எம். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை இட்டு, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் எழுதி 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் அது எந்நிறுவனத்தின் எந்த மாதிரி என்ற விவரம் திரும்பி வரும். வந்த விவரமும் கையிலுள்ள பொருளும் மாறுபட்டாலோ, எண் தடைசெய்யப்பட்டதென்று தெரிந்தாலோ அதைத் தொடவேண்டா. அந்த எண்ணைத் திருத்துவது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஐம்பது இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் துணி விரித்து விற்கும் கைபேசிகளைக் கண்டு ஆசைப்படும் அன்பர்கள் இதனை மனத்தில் இருத்துக.

அடுத்தது பாட்டரி. பயன்படுத்தாமல் வைத்திருந்ததால் புதிதாக இருக்கும் என்று எண்ணுவது தவறு. லித்தியம் பாட்டரி சும்மா கிடந்தாலும் மூப்படையும். கழற்றி மேஜைமேல் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். பம்பரம்போல் சுழன்றால் நடுவில் உப்பியிருக்கிறது என்று பொருள். அவ்வாறானதைச் சார்ஜ் செய்யவே கூடாது. கைபேசி நின்றுபோன மாதிரியாக இருந்தால் அசல் பாட்டரி கிடைப்பது அரிது. பெட்டியில் புதிதென்று அச்சிட்டிருப்பதெல்லாம் புதிதல்ல.

பின்பு, ஊரிலுள்ள ஒருவரைத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துகள் தெரிகின்றனவா, கட்டங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். வங்கியும் இரயில்வேயும் ஆங்கிலத்தில் அனுப்பலாம். அம்மாவின் தங்கை அவ்வாறு அனுப்பமாட்டார். கீலைத் திறந்து மூடும்போது திரை மின்னுகிறதா என்பதையும் காண்க. மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் இணைக்கும் மெல்லிய நாடா ஒன்று கீலுக்குள் மடிந்து நிமிர்கிறது. அது தேய்ந்தால் முதலில் திரை மின்னும், பிறகு இருண்டுவிடும்.

முதியோரைப் பொறுத்தமட்டில் நாம் எல்லாவற்றினும் முக்கியமாகக் கருதுவது ஒன்று. 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் எளிய கைபேசிகளில் ஐந்து அல்லது ஒன்பது என்ற விசையை நீண்ட நேரம் அழுத்தினால் அவசர அழைப்பு செல்லவேண்டும் என்பது விதி. 2008-இல் செய்த கைபேசியில் அந்த ஏற்பாடு இராது. குளியலறையில் வழுக்கி விழுந்தவருக்கு ஒரு விசை போதும் என்பதற்கும், திறந்து, எண்களைத் தேடி, 112 என்று அழுத்தவேண்டும் என்பதற்கும் உள்ள வேற்றுமையை நாம் விளக்கவேண்டியதில்லை.

இரயில் பயணத்துக்கு எளிய கைபேசி போதுமா என்று சாளரத்தின் முன் நின்று பலர் நம்மைக் கேட்கிறார்கள். போதும். ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் வாங்கிய சீட்டுக்கு அது அனுப்பும் குறுஞ்செய்தியே சான்று. அதோடு அசல் அடையாள அட்டை வேண்டும். செய்தியை அழித்துவிடக்கூடாது. நாகர்கோவில் வண்டியில் புனேயில் ஏறும் பெரியவர் சோலாப்பூர், குண்டக்கல் தாண்டிச் செல்லும்போது உதவி தேவைப்பட்டால் 139-ஐ அழைக்கலாம். அதற்கு இணையம் வேண்டியதில்லை. 2025 ஜூலை 15 முதல் இணையவழித் தத்கால் சீட்டுக்கு ஆதார் எண்ணுடன் இணைத்த கைபேசிக்கு ஓ.டி.பி. வருகிறது. அந்த எண் தகப்பனாரின் பழைய கைபேசியில் இருந்து, அந்தக் கைபேசி உயிரோடில்லையேல், காலை பத்து மணிக்கு மகன் எவ்வளவு விரைந்து விசைகளைத் தட்டினாலும் பயனில்லை.

மடிப்புக் கைபேசி கொடுத்துவிட்டால் மோசடிக்காரர்களிடமிருந்து தப்பிவிடலாம் என்று நம்புவோரும் உளர். பொய்யான இணைப்புகளைத் தொட்டு ஏமாறுவது குறையும் என்பது மெய். ஆயினும் போலீஸ் என்றும் வங்கி என்றும் சொல்லி அச்சுறுத்துவோர் சாதாரண அழைப்பிலேயே வருகிறார்கள், ஓ.டி.பி.யை வாய்மொழியாகவே வாங்கிவிடுகிறார்கள். 1930 என்னும் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கைபேசியின் முதுகில் ஒட்டிவையுங்கள்.

ஆக, பெரியவருக்கு மடிப்புக் கைபேசி வேண்டும் என்றால் மடிப்பை விடவேண்டியதில்லை, பழமையைத்தான் விடவேண்டும். நான்காம் தலைமுறை அலையில் பேசும் மடிப்புக் கைபேசிகள் வந்துவிட்டன. எடுத்துக்காட்டாக, 2022 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த நோக்கியா 2660 பிளிப் அன்று 4,699 ரூபாய்க்கு விற்றது. பெரிய விசைகள், வெளித்திரை, பக்கவாட்டில் அவசர விசை ஆகியன அதில் உண்டு. எந்த மாதிரியாயினும், நான்காம் தலைமுறைப் பேச்சு வசதி இருக்கிறதா என்று பெட்டியைப் பார்த்து வாங்குக. பேரக் குழந்தைகளின் முகம் பார்த்துப் பேச இவை உதவா. மகனுடைய கைபேசியில் ஞாயிறு மாலை பார்த்துக்கொள்ளவேண்டியதுதான்.

அலுவலகக் கைபேசியை அப்புறப்படுத்த முடிவு செய்த அன்பர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அதில் பழைய கடிதங்களும் முகவரிகளும் இன்னும் இருக்கும். பிளாக்பெர்ரியில் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் அனைத்தையும் அழிக்கும் ஏற்பாடு உண்டு. உறுதிப்படுத்த ‘பிளாக்பெர்ரி’ என்ற சொல்லையே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லும். கடவுச்சொல் மறந்துபோனால் அதற்கும் வழி இருக்கிறது: வழக்கமான அமைப்பில், பத்து முறை தவறாக இட்டால் கருவி தானாகவே எல்லாவற்றையும் அழித்துக்கொள்ளும். புகைப்படங்கள் ஏதேனும் வேண்டுமாயின் அதற்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். சிம்மையும் நினைவு அட்டையையும் கழற்றியபின், பாட்டரியின் உலோக முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, குப்பைத் தொட்டியில் இடாமல், நம் நகரில் வீடுதோறும் கழிவு சேகரிக்கும் ‘ஸ்வச்’ கூட்டுறவினரிடமோ மின்கழிவு பெறும் வேறு நிலையத்திலோ ஒப்படைக்கலாம். உப்பிய பாட்டரியாயின் வீட்டில் ஒருநாளும் தங்கவிடவேண்டா.